எந்தக் குழந்தைடா?

இந்த வாரம் ஸ்டூடியோ இல்லை. ஊருக்கு வந்திருக்கேன், வீட்டு மொட்டைமாடியில் உட்கார்ந்துதான் பேசுறேன். பின்னாடி ஸ்பீக்கர் சத்தம் கேட்டால் பொறுத்துக்கோங்க. ஊர் படவேடு, நாள் ஆடி வெள்ளி. ரேணுகாம்பாள் கோயிலுக்கு வர்ற கூட்டத்தில் இன்னிக்கு இந்தப் பக்கம் சைக்கிள்கூட நகராது.

படவேடு தெரியாதவங்களுக்கு ஒரு நிமிஷம். வேலூர்–திருவண்ணாமலை ரோட்டில் சந்தவாசல்னு ஒரு ஊர் வரும், அங்கிருந்து உள்ளே திரும்பணும். ஜவ்வாது மலை அடிவாரம், கமண்டல நாகநதி, வாழைத் தோப்பு. ஒரு காலத்தில் சம்புவராயர்களின் தலைநகர். இப்போ ஆரணிப் பட்டு வட்டாரம்னு சொன்னால்தான் வெளியூர்க்காரங்களுக்குப் புரியும். ஆரணி, தேவிகாபுரம், அத்திமலைப்பட்டுன்னு சுத்துப்பட்டு ஊர்களில் தறிச் சத்தம் கேட்டுத்தான் நாங்க வளர்ந்தோம்.

இன்னிக்கு விஷயம் கூடப் படிச்சவங்க. அவங்க இப்போ எங்கே இருக்காங்க, எப்படி இருக்காங்க என்பது நமக்கு எந்த வழியில் தெரிய வருது? யாரைப் பத்தித் தெரியாமலே போகுது? போன வருஷம் இதே ஆடியில் எனக்கு நடந்த ஒன்றிலிருந்து தொடங்குறேன். கொஞ்சம் அசிங்கமான விஷயம்தான்.

நான் ஆரணிப் பக்கம் ஒரு காலேஜில் பி.காம் படிச்சேன். 2016-ல் முடிச்சோம். கிளாஸில் 58 பேர். கடைசி நாள் அன்னிக்கே வாட்ஸ்அப் குரூப் ஆரம்பிச்சாச்சு. ஸ்பீக்கரில் 'இரத்தத் திலகம்' படத்தில் வர்ற அந்தப் பிரிவுப் பாட்டு. 1963-ல் வந்த படம், பாடினது டி.எம்.எஸ்ஸும் சுசீலாவும், எழுதினது கண்ணதாசன். அந்தப் பாட்டு இல்லாமல் தமிழ்நாட்டில் ஃபேர்வெல் நடத்த முடியாது போல. எல்லாரும் அழுதோம். டச்சில் இருப்போம்னு சத்தியம் பண்ணினோம்.

என் பெஞ்சில் ஒருத்தன். பேர் வேண்டாம். வீட்டில் ரெண்டு தறி. விடியக்காலையில் எழுந்து அப்பாவோட வேலை பார்த்துட்டு, பஸ் பிடிச்சு வந்து, முதல் பீரியடில் தூங்குவான். காஸ்ட் அக்கவுண்டிங்கில் நான் பாஸ் ஆனதே அவனால்தான். புத்தகத்தில் இருக்கிற கணக்கை மூடி வெச்சுட்டு, ஒரு பட்டுப்புடவைக்குப் பட்டு எவ்வளவு, ஜரிகை எவ்வளவு, கூலி எவ்வளவு, கடைசியில் கைக்கு என்ன நிக்கும்னு போட்டுக் காட்டுவான். எந்தக் கணக்கைப் போட்டாலும் கடைசி வரி ரொம்பச் சின்னதா இருக்கும். அதைப் பார்த்து அவனே சிரிப்பான்.

காலேஜ் முடிஞ்சு நான் சென்னை வந்துட்டேன். அவன் தறிக்கே போனான். முதல் ரெண்டு வருஷம் போன் பேசினோம். அப்புறம் தீபாவளிக்கு ஒரு மெசேஜ். அப்புறம் அதுவும் இல்லை. ஆனால் அவனைப் பத்தித் தெரியும்னுதான் நினைச்சுக்கிட்டு இருந்தேன். ஏன்னா 2023 கடைசியில் ஒருநாள் காண்டாக்ட் லிஸ்டைத் தள்ளும்போது அவன் பேருக்கு நேரா டிபியில் ஒரு கைக்குழந்தை. "அட, கல்யாணம் ஆகிக் குழந்தையும் பிறந்துடுச்சா! சொல்லவே இல்லையே"ன்னு செல்லமா ஒரு கோபம். அதோட விட்டுட்டேன்.

போன ஆடியில் கோயில் பக்கம் பொங்கல் வைக்கிற இடத்தில் அவனும் அவன் அம்மாவும். ஓடிப்போய்க் கட்டிப்பிடிச்சு நான் கேட்ட முதல் கேள்வி, "குழந்தை எப்படிடா இருக்கு?"

அவன் என்னைப் பார்த்து, "எந்தக் குழந்தைடா?"

அவனுக்குக் கல்யாணமே ஆகல. 2022 தீபாவளி சமயத்தில் அப்பா படுத்துட்டார். ஆஸ்பத்திரி அலைச்சலில் போன் உடைஞ்சது, ரீசார்ஜ் பண்ணல, நம்பர் போயிடுச்சு. 2023 மாசியில் அப்பா தவறிட்டார். ரெண்டு தறியில் ஒன்றை வித்தாச்சு. "குரூப்பில் ஒரு வார்த்தை போட்டிருக்கலாமேடா"ன்னு நான் கேட்டேன். "குரூப்பில் நான் எங்கடா இருக்கேன்?"னு கேட்டான்.

அன்னிக்கு ராத்திரி குரூப்பை மேலே தள்ளிப் பார்த்தேன். 2023 மார்ச், அவன் பிறந்தநாள். அப்பா போய் ஒரு மாசம்கூட ஆகியிருக்காது. அவன் பேரைப் போட்டு கேக், பலூன், 'மச்சான் ட்ரீட் எப்போ'. 2024 மார்ச்சிலும் அதே. ரெண்டு வருஷமா இல்லாத ஆளுக்கு வாழ்த்துச் சொல்லியிருக்கோம். அந்த லிஸ்டில் நானும் உண்டு.

இது எப்படி நடக்குதுன்னு பார்ப்போம். நம்ம நாட்டில் ஒரு மொபைல் நம்பர் செயலிழந்தால் குறைஞ்சது 90 நாள் அதை யாருக்கும் கொடுக்கக் கூடாது. அதுக்குப் பிறகு கம்பெனி வேறொருத்தருக்குக் கொடுக்கலாம். வாட்ஸ்அப்பைப் பொறுத்தவரை, பொதுவா 120 நாள் இணைப்பே இல்லாத கணக்கை அழிச்சிடுவாங்க. கணக்கு போனால் குரூப்பிலிருந்தும் ஆள் போயிடுவார். இதோட 2022-ல் இன்னொரு மாற்றம் வந்தது. ஒருத்தர் குரூப்பை விட்டு விலகினால் அட்மினுக்கு மட்டும்தான் தகவல் போகும், மத்தவங்களுக்குத் தெரியாது. சண்டை சச்சரவு வேண்டாம்னு கொண்டுவந்த நல்ல வசதிதான். ஆனால் 58 பேர் இருந்த இடம் 49 ஆனது எங்க யாருக்கும் தெரியல. பழைய நம்பரை வாங்கின யாரோ ஒரு புண்ணியவான் தன் குழந்தை போட்டோவை வெச்சிருக்கார். என் போனில் அந்த நம்பர் என் நண்பன் பேரில் இருக்கு. அவ்வளவுதான் கதை. முன்பின் தெரியாத ஒருத்தரோட வாழ்க்கையை என் நண்பனோட வாழ்க்கைன்னு நம்பிட்டு இருந்திருக்கேன்.

தொழில்நுட்பத்து மேலே பழியைப் போட்டுட்டுப் போகலாம். ஆனால் தொடர்பு அறுந்தது 2022-ல் இல்லை, அதுக்கு நாலு வருஷம் முன்னாடியே. அதைப் பத்திப் பேசத்தான் இந்த எபிசோடே.

ராபின் டன்பார்னு ஒரு பிரிட்டிஷ் ஆய்வாளர், 150 என்கிற எண்ணுக்காகப் பிரபலமானவர். ஒரு மனுஷனால் ஏறத்தாழ 150 பேரோடதான் உறவைப் பராமரிக்க முடியும் என்பது அவர் வாதம். அந்த எண் சரியா என்பதில் இன்னும் சண்டை நடக்குது. எனக்கு அதைவிட முக்கியமாப் படுறது அந்த 150-க்குள்ளே அவர் சொல்ற வளையங்கள். உயிருக்கு உயிரா 5 பேர், அடுத்து 15, அடுத்து 50, கடைசியா 150. ஒரு வளையத்தில் புதுசா ஒருத்தர் வந்தால் பழைய ஒருத்தர் வெளிவட்டத்துக்குத் தள்ளப்படுவார். புது ஆபீஸ், புது ரூம்மேட், கல்யாணம்னு ஆள் சேரச் சேர, காலேஜ் பெஞ்ச் வெளியே நகரும். யாரும் யாருக்கும் துரோகம் பண்ணல. இடம் இல்லை.

அவரும் சாம் ராபர்ட்ஸும் சேர்ந்து பண்ணின ஒரு ஆய்வு, பள்ளி முடிச்சு வெளியே போன 30 இளைஞர்களை 18 மாசம் தொடர்ந்து கவனிச்சது. பெண்களின் நட்பு நெருக்கம் குறையாமல் இருந்தது பேச்சால். ஆண்களுக்குப் பேச்சு பெரிசா உதவல, சேர்ந்து எதையாவது செஞ்சால்தான் நட்பு நின்னது. சின்ன ஆய்வுதான், இங்கிலாந்து ஆட்கள்தான். ஆனாலும் என் விஷயத்துக்கு அப்படியே பொருந்துது. எங்க நட்பு இருந்தது பஸ்ஸில், டீக்கடையில், கணக்கு நோட்டில். அது மூணும் போனதும் போனில் பேச ஒன்றும் இல்லை. "அப்புறம்?" "அப்புறம் ஒன்னும் இல்லடா." இப்படி எத்தனை கால் முடிஞ்சிருக்கும், யோசிச்சுப் பாருங்க.

சரி, குரூப்தான் இருக்கே, அது இந்த வேலையைச் செய்யாதா? எங்க குரூப்பில் வர்ற செய்திகளை ஒரு நாள் உட்கார்ந்து பிரிச்சுப் பார்த்தேன். கல்யாணப் பத்திரிகை, குழந்தை, புது வண்டி, கிரகப்பிரவேசம், வெளிநாட்டு ஏர்போர்ட், குட் மார்னிங். வேலை போனவன் ஒருத்தன்கூட "வேலை போச்சு"ன்னு போடல. ஆக, நல்ல செய்தி உள்ளவங்க பேசுவாங்க, மத்தவங்க பார்த்துட்டு இருப்பாங்க, அப்புறம் பார்க்கிறதையும் நிறுத்துவாங்க. எல்லாரும் நல்லா இருக்காங்கன்னு ஒரு பொய்யான படம் நமக்குக் கிடைக்கும். யாருக்கு நம்மோட தேவை அதிகமோ அவங்கதான் முதலில் மறைஞ்சு போறாங்க.

அவன் இதை வேற மாதிரி சொன்னான். "நம்பர் போகாமல் இருந்திருந்தாலும் நான் எதுவும் போட்டிருக்க மாட்டேன்டா. ஒருத்தன் கார் சாவியோட நிக்கிறான். அதுக்குக் கீழே போய் எங்கப்பா செத்துட்டாருன்னு போடுறதா?"

பெண்கள் விஷயம் இன்னும் மோசம். எங்க கிளாஸில் 31 பெண்கள். குரூப்பில் இப்போ 24 பேர். தமிழ்ப் பேர் வைக்கிற முறையில் குடும்பப் பெயர் கிடையாது, அப்பா பேரின் முதல் எழுத்துதான் இனிஷியல். கல்யாணத்துக்குப் பிறகு பல பேருக்கு அந்த எழுத்தும் மாறிடும். ஊர் மாறும், நம்பர் மாறும், டிபியில் சாமி படமோ பூவோ இருக்கும். எங்க கிளாஸிலேயே மூணு பிரியா. ஃபேஸ்புக்கில் பிரியான்னு தேடி யாரைக் கண்டுபிடிக்கிறது? ஒரே வழி, அவங்களோட நெருக்கமா இருந்த இன்னொரு தோழியைக் கேட்கிறது. அந்தத் தோழிக்கும் தெரியலன்னா முடிஞ்சது.

பெரிய ஆளா ஆயிட்டா இந்தப் பிரச்சினை இல்லை. (சிரிப்பு) திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் 1950-களில் இயற்பியல் படிச்ச ரெண்டு பேர், அப்புறம் குரோம்பேட்டை எம்.ஐ.டி.யிலும் இருந்தாங்க. ஒருத்தர் ராமேஸ்வரத்து அப்துல் கலாம், இன்னொருத்தர் ஸ்ரீரங்கத்து ரங்கராஜன், அதாவது எழுத்தாளர் சுஜாதா. இவங்க ஒருத்தரைப் பத்தி ஒருத்தர் தெரிஞ்சுக்க பேப்பரைப் பிரிச்சாலே போதும். அந்த வகுப்பில் இருந்த மத்தவங்க யார், என்ன ஆனாங்க? நமக்குத் தெரியாது. நம்மில் அநேகம் பேர் அந்த 'மத்தவங்க' வரிசைதான்.

கூடப் படிச்சவங்களை நிஜமாவே விடாமல் தொடர்ந்த ஒரு கூட்டம் உலகத்தில் இருக்கு. அமெரிக்காவின் ஹார்வர்ட் பல்கலைக்கழகம். அங்கே படிச்சு முடிச்ச ஒவ்வொரு பேட்ச்சுக்கும் அஞ்சு வருஷத்துக்கு ஒருமுறை ஒரு புத்தகம் வரும். 'ரெட் புக்'னு பேர். அவங்கவங்க தன் வாழ்க்கையைத் தானே எழுதி அனுப்பலாம். இதில்லாம, 1938-ல் அங்கே ஒரு ஆய்வு தொடங்கினாங்க. 268 மாணவர்களை எடுத்து, அவங்க வாழ்நாள் முழுக்கக் கவனிக்கிறதுன்னு. ஜான் எஃப். கென்னடியும் அந்த லிஸ்டில் உண்டு. பின்னாடி பாஸ்டன் நகரத்து ஏழைக் குடும்பப் பையன்கள் 456 பேரை வெச்சு நடந்த இன்னொரு ஆய்வும் இதோட சேர்ந்தது. வயசான காலத்தில் உடம்பும் மனசும் நல்லா இருக்கிறதுக்கு நல்ல உறவுகள் பெரிய காரணம்னு அதில் தெரிஞ்சது. இந்த முடிவை நீங்க பத்து ரீல்ஸிலாவது பார்த்திருப்பீங்க. நான் கவனிச்சது அந்த முடிவை இல்லை, முறையை. அவங்க பண்ணினது இவ்வளவுதான்: ரெண்டு வருஷத்துக்கு ஒருமுறை கேள்விகளை அனுப்பிக் கேட்டாங்க. ஜெயிச்சவங்களையும் கேட்டாங்க, குடிச்சு அழிஞ்சவங்களையும் கேட்டாங்க. வேணும்னா நீயே சொல்லுன்னு விட்டிருந்தால் அந்த ஆய்வு எங்க பி.காம் குரூப் மாதிரி ஆகியிருக்கும்.

நம்ம மொழியில் இதுக்கு ஒரு வார்த்தை ஏற்கெனவே இருக்கு. விசாரிக்கிறது. போலீஸ் விசாரணை இல்லைங்க. "உங்கம்மாவை விசாரிச்சதாச் சொல்லு", "நாங்க கேட்டோம்னு சொல்லு"ன்னு பெரியவங்க சொல்வாங்களே, அது. எங்க பாட்டி பஸ் ஸ்டாப்பில் நின்னு அரைமணி நேரத்தில் நாலு ஊர்க்காரங்களை விசாரிச்சுடுவாங்க. போனே கிடையாது.

இதில் லாபக் கணக்கும் ஒன்று இருக்கு, அதையும் சொல்லிடுறேன். மார்க் கிரானோவெட்டர்னு ஒரு சமூகவியலாளர் 1973-ல் ஒரு கட்டுரை எழுதினார். பாஸ்டன் பக்கத்தில் ஒரு ஊரில், தெரிஞ்சவங்க மூலமா வேலை வாங்கினவங்களைப் பிடிச்சு, அந்தத் தெரிஞ்சவரை எவ்வளவு அடிக்கடி பார்ப்பீங்கன்னு கேட்டார். அடிக்கடி பார்க்கிறவர் மூலமா வேலை கிடைச்சது 16.7 சதவீதம். எப்பவாவது பார்க்கிறவர் மூலம் 55.6 சதவீதம். வருஷத்துக்கு ஒருமுறையோ அதுக்கும் குறைவாகவோ பார்க்கிறவர் மூலம் 27.8 சதவீதம். பழைய காலேஜ் நண்பனைத்தான் அவர் உதாரணமாவே சொல்றார். காரணம் எளிது. நம்மகூடவே இருக்கிறவனுக்கு நமக்குத் தெரிஞ்சதுதான் தெரியும். வேற ஊரில், வேற தொழிலில் இருக்கிறவன்கிட்டதான் புதுச் செய்தி இருக்கும். 2011-ல் டேனியல் லெவின் குழு பண்ணின ஆய்வும் இதையே காட்டுச்சு. மூணு வருஷத்துக்கு மேல பேசாத பழைய தொடர்புகளைத் திரும்பப் பிடிச்சு வேலை விஷயத்தில் யோசனை கேட்கச் சொன்னாங்க. கிடைச்ச யோசனைகள் ரொம்பப் பயனுள்ளதா இருந்தது. நடுவில் எத்தனை வருஷம் விட்டுப்போனாலும் பழைய நம்பிக்கை அப்படியே இருக்கும் என்பதுதான் அதில் எனக்குப் பிடிச்ச இடம்.

இவ்வளவு தெரிஞ்சும் ஏன் போனை எடுக்க மாட்டேங்கிறோம்? 2024-ல் லாரா அக்னின், ஜில்லியன் சாண்ட்ஸ்ட்ராம்னு ரெண்டு உளவியலாளர்கள் இதைச் சோதிச்சாங்க. பேசணும்னு ஆசை இருக்கு, நம்பர் இருக்கு, மெசேஜ் எழுத நேரமும் கொடுத்தாங்க. மூணில் ஒருத்தர்தான் ஏறக்குறைய அனுப்பினார். பழைய நண்பருக்கு மெசேஜ் போடுறதும் தெரியாத ஆளோட பேசுறதும் மக்களுக்கு ஒரே அளவு தயக்கமாத்தான் இருக்கு. அவங்க கண்டுபிடிச்ச வைத்தியம் எனக்குப் பிடிச்சது. முதலில் சில நிமிஷம் இப்போ நெருக்கமா இருக்கிறவங்களுக்கு மெசேஜ் போடுங்க, அந்தச் சூட்டிலேயே பழைய ஆளுக்கும் போட்டுடுங்க. அப்படிச் செஞ்சவங்களில் அனுப்பினவங்க எண்ணிக்கை நல்லா கூடியிருக்கு.

நான் செஞ்சு பார்த்ததைச் சொல்றேன். கிளாஸ் போட்டோவை எடுத்து வெச்சு, எனக்கு எதுவும் தெரியாத 19 பேரைக் குறிச்சேன். ஞாயிற்றுக்கிழமை ரெண்டு பேர்னு கணக்கு. இதில் கத்துக்கிட்ட முதல் பாடம், என்ன கேட்கக் கூடாது என்பது. "எங்க வேலை? எவ்வளவு வருது? கல்யாணம் ஆச்சா? குழந்தை?" இந்த நாலும் நம்ம ஊரின் நாலு வேதம். இதுக்குப் பயந்துதான் பாதிப் பேர் காணாமல் போறாங்க. அதுக்குப் பதிலா ஒரு பழைய சம்பவத்தைச் சொல்லி ஆரம்பிச்சேன். "சேத்துப்பட்டு பஸ்ஸைத் தவறவிட்டு நடந்து வந்தோமே, ஞாபகம் இருக்கா?" அவ்வளவுதான். மீதியை அவங்களே சொல்வாங்க, இல்லைன்னா சொல்ல மாட்டாங்க.

ரெண்டு பேர் பேச விருப்பம் இல்லைன்னு தெளிவாக் காட்டிட்டாங்க. அதோட விட்டுட்டேன். ஒரு தோழியோட நம்பரைக் கேட்டப்போ, அவங்க அக்கா "நீ கூப்பிட வேண்டாம்ப்பா, நீ விசாரிச்சன்னு நான் சொல்லிடுறேன்"னு சொன்னாங்க. ஏன்னு கேட்கல. தேடிக் கண்டுபிடிக்கிறதுக்கும் துரத்துறதுக்கும் நடுவில் கோடு ரொம்ப மெலிசு. இன்னொன்று, நம்மகிட்ட ஒருத்தர் சொன்ன கஷ்டத்தை "ஃப்ரெண்ட்ஸ், நம்ம கிளாஸ்மேட்டுக்கு உதவி தேவை"ன்னு அவங்களைக் கேட்காமல் குரூப்பில் போட்டுடாதீங்க. நல்ல எண்ணத்தில் நான் அதைச் செய்யப் போய், கடைசி நொடியில் அவன் கையைப் பிடிச்சு நிறுத்தினான்.

கோயிலில் பார்த்த அடுத்த வாரம் அவன் வீட்டுக்குப் போனேன். ஒன்றரை வருஷம் கழிச்சுத் துக்கம் விசாரிக்க. என்ன பேசுறதுன்னு தெரியல. அவன் அம்மா பக்கத்து வீட்டுத் தறிக்குப் பாவு பிணைச்சுட்டு இருந்தாங்க. பட்டுத்தறியில் ஒரு பாவு நெய்து முடிஞ்சதும் பழைய இழைகளை முழுசா உருவிட மாட்டாங்க. அச்சில் கொஞ்சம் நுனியை விட்டு வெச்சு, புதுப் பாவோட ஒவ்வொரு இழையையும் அந்தப் பழைய நுனியோட சேர்த்து விரலால் முறுக்குவாங்க. ஆயிரக்கணக்கான இழை. பழைய நுனி இல்லைன்னா எல்லாத்தையும் முதலிலிருந்து அச்சில் கோக்கணும், அது பெரிய வேலை. விரலில் சாம்பலோட நிமிர்ந்து பார்த்து, "வாப்பா, அவர் இருந்தப்போ உன்னைக் கேட்டுட்டே இருப்பார்"னு சொன்னாங்க. அவர் எனக்கு ரெண்டு வாட்டி சாப்பாடு போட்டிருக்கார், அவ்வளவுதான் பழக்கம். நான் ஒரு வாட்டிகூட அவரைக் கேட்டதில்லை.

இப்போ அவன் ஒரு தறியை ஓட்டிக்கிட்டே கணக்கு வேலையும் பார்க்கிறான். எங்க கிளாஸ்மேட் ஒருத்தன் ஆரணியில் ஜவுளிக்கடை வரவுசெலவு பார்த்துட்டு இருந்தான். பத்து கிலோமீட்டர் தள்ளி இருந்த ரெண்டு பேருக்கும் ஒருத்தரைப் பத்தி ஒருத்தருக்குத் தெரியாது. நான் குறிச்ச 19 பேரில் பதினோராவது ஆள் அவன். ரெண்டு பேரையும் பேச வெச்சது மட்டும்தான் என் வேலை. கிரானோவெட்டர் சொன்னது சரிதான்.

புது நம்பரை என் போனில் போட்டுட்டேன். குரூப்பில் சேர்க்கட்டுமான்னு கேட்டதுக்கு வேண்டாம்னுட்டான். அந்தப் பழைய நம்பரை மட்டும் இன்னும் அழிக்கல. 'குழந்தை'ன்னு பேர் மாத்தி வெச்சிருக்கேன். போன வாரம் டிபி மாறியிருந்தது, பாப்பா நடக்க ஆரம்பிச்சிருக்கு.

இருங்க, போன் வருது. அவன்தான். சந்தவாசலில் பஸ்ஸைத் திருப்பி விட்டுட்டாங்களாம், அம்மாவோட பொங்கல் பானையை வெச்சுக்கிட்டு ரோட்டில் நிக்கிறானாம். வண்டியை எடுத்துட்டுப் போகணும். அடுத்த வாரம் ஸ்டூடியோவில் இருந்து பேசுறேன்.